புகையும் மருந்தும்

தாம்பரத்திலிருந்து மேற்கே செல்லும் சாலையில் மணிமங்கலம் என்றோர் ஊர் உண்டு. ஏழாம் நூற்றாண்டில் பல்லவன் நரசிம்மவர்மன் சாளுக்கியப் புலிகேசியைப் புறங்கண்ட களங்களுள் ஒன்றாக இவ்வூரின் பெயரைக் கூரம் செப்பேடு குறிக்கிறது. இராசகோபாலப் பெருமாள் கோயிற் சுவர்களில் சோழ மன்னர் பலருடைய கல்வெட்டுகள் இன்னும் இருக்கின்றன. ஆனால் இன்று அவ்வூருக்கு வரும் இளைஞர் எவரும் கல்வெட்டைத் தேடி வருவதில்லை. ஒரகடத்திலும் திருப்பெரும்புதூரிலும் எழுந்த தொழிற்சாலைகளில் வேலைக்குச் சேர்ந்து, நால்வர் ஐவராக ஓர் அறையை வாடகைக்குப் பிடித்துத் தங்க வருகிறார்கள். அதிகாலையிலும் நள்ளிரவிலும் சாலையோரத்தில் தொழிற்சாலைப் பேருந்துக்குக் காத்து நிற்கும் அந்தப் பிள்ளைகளைப் பார்த்தவர்களுக்கு, இவ்வூரின் புதிய வரலாறு எங்கே எழுதப்படுகிறது என்பது விளங்கும்.

என் அக்காள் மகனும் அவர்களுள் ஒருவன். 2025 அக்டோபர் இறுதியில் அவனைக் காணச் சென்றிருந்தேன். மாடியறை, நான்கு பாய்கள், ஒரு மின்விசிறி, கயிற்றுக் கொடியில் சீருடைகள். பேசிக்கொண்டிருந்தபோது அவன் சட்டைப் பையிலிருந்து பேனாவைப் போன்றதொரு கருவியை எடுத்து உறிஞ்சினான். மாம்பழ மணம் வீசிற்று. நான் முகம் சுளித்ததைக் கண்டு சிரித்தான்.

"சிகரெட்டை விட்டு அஞ்சு மாசம் ஆச்சு மாமா. இது வெறும் ஆவிதான்."

"அப்படியானால் அரசாங்கம் இதை ஏன் தடை செய்தது?"

"தடை போட வச்சதே மருந்துக் கம்பெனிக்காரங்கதான். நிக்கோட்டின் மிட்டாய் விக்கிறவனுக்கு இது போட்டியாச்சே! சுங்குவார்சத்திரத்துல என்ன நடந்துச்சுன்னு பாத்தீங்கல்ல? அவங்க சொல்றதையா நம்பச் சொல்றீங்க?"

எனக்கு உடனே விடை கிடைக்கவில்லை. அதைவிட என்னை உறுத்தியது வேறொன்று. அவ்வறையில் எல்லாருக்கும் இளையவனான விழுப்புரத்துப் பையன், ஊரைவிட்டு வரும்போது பீடி சிகரெட் எதையும் தொட்டறியாதவன். என் மருமகனுடைய கருவியை விளையாட்டாக வாங்கி இழுக்கப் பழகியிருந்தான். நான் போன அன்று மாலை அவன் கீழே பெட்டிக்கடை வாசலில் நின்றான். கையிலிருந்தது மெய்யான சிகரெட். ஒரே கருவி ஒருவனைப் புகையிலிருந்து வெளியே அழைத்து வந்திருக்கிறது. மற்றொருவனை உள்ளே அழைத்துப் போயிருக்கிறது. உலகெங்கும் மருத்துவ அறிஞர்கள் ஆண்டுக்கணக்காக வழக்காடும் கேள்வி அந்தப் பத்தடி அறைக்குள் குடியிருந்தது.

ஊருக்குத் திரும்பிய பின் இது குறித்துக் கிடைத்தவற்றையெல்லாம் தேடிப் படித்தேன்.

சுங்குவார்சத்திரத்திலிருந்தே தொடங்க வேண்டும். திருப்பெரும்புதூரைக் கடந்து காஞ்சிபுரம் செல்லும் பெருஞ்சாலையில், மணிமங்கலத்திலிருந்து அதிகத் தொலைவில்லாத ஊர் அது. அங்கே ஸ்ரேசன் என்ற மருந்து நிறுவனம் தயாரித்த கோல்ட்ரிஃப் என்னும் இருமல் மருந்தைக் குடித்த குழந்தைகள், 2025 செப்டம்பரிலும் அக்டோபரிலும் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டத்தில் சிறுநீரகம் செயலிழந்து மாண்டனர். இருபதுக்கும் மேற்பட்ட பிஞ்சுகள். பெரும்பாலும் ஐந்து வயதுக்கு உட்பட்டவர்கள். மருந்தைச் சோதித்த தமிழ்நாட்டு அரசின் ஆய்வகம் அதில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு 48.6 விழுக்காடு இருப்பதாகக் கண்டது. அனுமதிக்கப்பட்ட அளவு 0.1 விழுக்காடு. அக்டோபர் மாதத்திலேயே அந்நிறுவனத்தின் உரிமம் நீக்கப்பட்டது. குழந்தையின் சளிக்காகத் தாய் தன் கையாலேயே கரண்டியில் ஊற்றிக் கொடுத்த மருந்து அது என்பதை நினைக்கும்போது நெஞ்சு பதைக்கிறது.

இது முதன்முறையாக நிகழ்ந்ததன்று என்பதே இன்னும் பெரிய துயரம். 1937-இல் அமெரிக்காவில் மாசென்கில் என்ற நிறுவனம் சல்பானிலமைடு மருந்தை இதே நச்சில் கரைத்து விற்றதால் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதைக் கலந்த தலைமை வேதியியலர் தற்கொலை செய்துகொண்டார். உரிமையாளரோ தம்மீது பொறுப்பேதும் இல்லை என்றார். அந்நாளைய சட்டப்படி மருந்தைச் சோதிக்காமல் விற்பது குற்றமன்று. ஆல்கஹால் கலவாத மருந்துக்கு 'எலிக்சிர்' எனப் பெயரிட்டது தவறு என்று சொல்லித்தான் அந்நிறுவனத்துக்குத் தண்டம் விதிக்க முடிந்தது! மறு ஆண்டே அங்கே புதிய சட்டம் வந்தது. இங்கேயோ 1970-களின் தொடக்கத்தில் நம் சென்னையிலேயே 14 குழந்தைகள், 1986-இல் பம்பாய் ஜே.ஜே. மருத்துவமனையில் 14 நோயாளிகள், 1998-இல் தில்லிப் பகுதியில் முப்பதுக்கும் மேற்பட்ட குழந்தைகள், 2020-இல் ஜம்முவில் பன்னிரண்டு குழந்தைகளேனும், எல்லாரும் இதே நச்சுக்குப் பலியாயினர். 2022-இல் இந்தியாவிலிருந்து சென்ற இருமல் மருந்து காம்பியா நாட்டில் ஏறத்தாழ எழுபது குழந்தைகளின் உயிரைக் குடித்தது. அதன் பிறகு, 2023 ஜூன் முதல், ஏற்றுமதியாகும் இருமல் மருந்துகளை அரசு ஆய்வகத்தில் சோதித்தே அனுப்பவேண்டுமென விதி வந்தது. உள்நாட்டுக் குழந்தைகள் குடிக்கும் மருந்துக்கு அவ்விதி அன்று பொருந்தவில்லை.

ஆகவே என் மருமகனின் ஐயத்தை அறியாமை என்று தள்ளிவிட எனக்கு வாயில்லை. ஆயினும் அவனறியாத ஒன்று இருக்கிறது. இருமல் மருந்தில் சரக்கைக் கரைக்கப் பயன்படும் புரோப்பிலீன் கிளைக்கால் என்ற திரவமே, அவன் கருவிக்குள் நிக்கோட்டினைச் சுமந்து ஆவியாகும் திரவங்களுள் முதன்மையானது. மருந்துத் தரமற்ற மலிவுச் சரக்கை வாங்கிச் சோதிக்காமல் ஊற்றும்போதுதான் டைஎத்திலீன் கிளைக்கால் உள்ளே நுழைகிறது. 2009-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் மின்சிகரெட் குப்பிகளைச் சோதித்தபோது, ஒரு குப்பியில் அதே நச்சு ஏறத்தாழ ஒரு விழுக்காடு இருந்தது. மருந்துக் கம்பெனியை நம்பாதவன், பெயரும் முகவரியும் இல்லாத ஒருவன் அடைத்த திரவத்தை மட்டும் நம்பி நெஞ்சுக்குள் இழுக்கிறான். உரிமம் பெற்ற ஆலையிலேயே இது நிகழுமாயின், உரிமமே இல்லாத ஆலையை யார் சோதிப்பது?

இனி, அவன் சொன்ன நிக்கோட்டின் மிட்டாய்க்கு வருவோம். அதன் பிறப்பு சுவையானது. நீர்மூழ்கிக் கப்பலில் புகைக்க முடியாது. ஆகவே சுவீடன் நாட்டு மாலுமிகள் புகையிலையை வாயில் அடக்கிக்கொண்டு சமாளிப்பதைக் கண்ட ஒரு மருத்துவ ஆய்வாளர், 1967-இல் தம் நண்பரான ஓவே ஃபெர்னோ என்ற மருந்தியலருக்கு எழுதினார். அவர் லியோ என்ற சிறு மருந்து நிறுவனத்தில் பணியாற்றியவர்; தாமே பெரும் புகைப்பழக்கம் உடையவர். நிக்கோட்டினைப் பசையில் ஏற்றி மெல்லும் மருந்தாக்கினார். 1978-இல் சுவிட்சர்லாந்தும் 1984-இல் அமெரிக்காவும் அதற்கு ஒப்புதல் தந்தன. கேடு செய்வது பெரும்பாலும் புகை. பிடித்து வைப்பது நிக்கோட்டின். இரண்டையும் பிரித்துவிட்டால் மனிதனை மெல்ல மீட்கலாம் என்பதே அவருடைய எண்ணம். இன்றைய மின்சிகரெட்டின் வேரும் இந்த எண்ணமே.

அமெரிக்காவில் அந்தப் பசையை விற்றது மெரல் டவ் நிறுவனம். மருத்துவர்களின் காத்திருப்பு அறைகளில் வைக்கப் புகையை விடுவது பற்றிய செய்தி மடல் ஒன்றையும் அது வெளியிட்டது. மார்ல்பரோ சிகரெட்டின் அதிபரான பிலிப் மாரிஸ் நிறுவனம் இதைக் கண்டு சினந்தது. மெரல் டவ்வின் தாய் நிறுவனமான டவ் கெமிக்கல், பிலிப் மாரிஸுக்கு வேதிப்பொருள்கள் விற்றுவந்தது. 1984-இல் பிலிப் மாரிஸ் அந்தக் கொள்முதலை நிறுத்திக்கொண்டது. மகள் பேசியதற்குத் தாயின் கழுத்தைப் பிடித்த கதை! விளைவு, மருந்து நிறுவனத்தின் குரல் தாழ்ந்தது; புகையிலையைக் கண்டிக்கும் தொனி அதன் விளம்பரத்திலிருந்து விலகியது. 1990-களின் வழக்குகளால் வெளிவந்த புகையிலை நிறுவனங்களின் உள் ஆவணங்களில் ஆய்வாளர்கள் இதைக் கண்டெடுத்து 2002-இல் வெளியிட்டார்கள்.

இந்நிகழ்ச்சியை நான் பலமுறை எண்ணிப் பார்த்தேன். மருந்து நிறுவனங்கள் கூடிப் பேசிப் புகையிலைக்கு எதிராகச் சதி செய்கின்றன என்று வேப் பிடிக்கும் பிள்ளைகள் பலர் நம்புகிறார்கள். ஆவணங்கள் காட்டும் குற்றம் அதுவன்று. பேசவேண்டிய இடத்தில் மருந்து நிறுவனம் பேசாதிருந்தது. பெரும் வணிகம் ஒன்றின் வாடிக்கை இன்னொன்றின் வாயை அடைத்தது.

வாய் மூடியதற்கு மற்றுமொரு சான்று உண்டு. பல்கேரியாவில் 1964 முதல் சைட்டிசின் என்ற மருந்து விற்கப்பட்டது. மஞ்சட் பூக்கும் லபர்னம் என்ற மரத்தின் விதையிலிருந்து எடுப்பது, மிக மலிவு. புகையை விட அது உதவுவதைக் கிழக்கு ஐரோப்பிய மக்கள் அறிந்திருந்தார்கள். மேற்கத்திய முறைப்படி வார்சா நகரில் 740 பேரைக் கொண்டு செய்த சோதனை 2011-இல்தான் வெளிவந்தது. ஓராண்டு புகையாதிருந்தோர், மருந்து பெற்றவர்களில் 8.4 விழுக்காடு, வெற்று மாத்திரை பெற்றவர்களில் 2.4 விழுக்காடு. நாற்பத்தேழு ஆண்டு ஏன் பிடித்தது? காப்புரிமை கிடைக்காத மரத்து விதைக்காகக் கோடிக்கணக்கில் செலவிட எந்த நிறுவனத்துக்கும் மனமில்லை என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. அதே மூலக்கூற்றை முன்மாதிரியாகக் கொண்டு உருவான வரெனிக்லைனோ, காப்புரிமையோடும் விலையோடும் 2006-லேயே சந்தைக்கு வந்துவிட்டது.

மின்சிகரெட்டின் கதையும் ஒரு மருந்தாளரிடமிருந்தே தொடங்குகிறது. சீனத்து ஹான் லிக் 2003-இல் அதை அமைத்தபோது, நுரையீரல் புற்றுநோய்க்குத் தந்தையைப் பறிகொடுத்த மகனின் வேதனை அதில் இருந்தது. ஆனால் நல்லெண்ணத்தில் பிறந்த கருவி யார் கைக்குப் போய்ச் சேர்ந்தது? 2018 டிசம்பரில் அமெரிக்காவின் ஆல்ட்ரியா நிறுவனம், பள்ளிப் பிள்ளைகளிடையே தீயெனப் பரவிய ஜூல் மின்சிகரெட் நிறுவனத்தில் 35 விழுக்காட்டை 1,280 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. ஆல்ட்ரியா என்பது பழைய பிலிப் மாரிஸின் மறுபெயரே. அதிலிருந்து பிரிந்த பிலிப் மாரிஸ் இன்டர்நேஷனல், புகையில்லா உலகுக்கான அறக்கட்டளை ஒன்றுக்குப் பன்னிரண்டு ஆண்டுகளில் ஏறத்தாழ நூறு கோடி டாலர் தருவதாக 2017-இல் அறிவித்தது. 2021-இல் ஆஸ்துமா நோயாளிகளுக்கான உறிஞ்சு மருந்துக் கருவிகளை உருவாக்கும் வெக்டூரா என்ற பிரித்தானிய நிறுவனத்தையே விலைக்கு வாங்கியது. சில ஆண்டுகளில் விற்றும்விட்டது. இதில் எது மருந்துக் கம்பெனி, எது புகையிலைக் கம்பெனி என்று என் மருமகன் பிரித்துச் சொல்லட்டும்!

இவ்வளவு பணம் இரு பக்கமும் புரளும் இடத்தில் உண்மையை எப்படி அறிவது? ஆய்வுகளை ஒவ்வொன்றாகப் பார்ப்பதன்றி வேறு வழி எனக்குத் தோன்றவில்லை.

ஒரு பழக்கம் இன்னொன்றுக்கு வாசல் என்ற கருத்துக்கு அறிவியல் வடிவம் தந்தவர்களுள் முதன்மையானவர் டெனிஸ் காண்டல் என்ற சமூகவியலர். இளையோர் பீர், ஒயினில் தொடங்கிச் சிகரெட்டு, கடுமது, கஞ்சா எனப் படிப்படியாகச் செல்லும் ஒழுங்கை 1975-இல் அவர் எடுத்துக்காட்டினார். மின்சிகரெட் வந்தபின் அதே கேள்வி அதன்மேல் திரும்பியது. 2017-இல் ஒன்பது நீண்டகால ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். அதுவரை புகைக்காத இளையோரில், மின்சிகரெட்டைத் தொட்டவர்களில் 30.4 விழுக்காட்டினர் பின்னர் சிகரெட்டையும் தொட்டனர், தொடாதவர்களில் 7.9 விழுக்காட்டினரே. அமெரிக்கத் தேசிய அறிவியற் கழகங்கள் 2018 சனவரியில் வெளியிட்ட பெரும் அறிக்கையும், மின்சிகரெட் பிடிக்கும் இளையோர் சிகரெட்டைத் தொட்டுப்பார்க்கும் வாய்ப்பு மிகுகிறது என்பதற்கு வலுவான சான்று உண்டு என்றது.

முடிந்தது வழக்கு என்று எண்ணலாகாது. துணிச்சலும் துடிப்பும் மிக்க பிள்ளை மின்சிகரெட்டையும் தொடுவான், சிகரெட்டையும் தொடுவான்; முன்னது பின்னதற்குக் காரணம் என்று எப்படிச் சொல்வது என்று மறுதரப்பினர் கேட்டனர். கேள்வி நியாயமானதே. வாசல் அகன்று திறந்திருந்தால், மின்சிகரெட் பெருகிய நாட்டில் சிகரெட்டும் பெருகியிருக்க வேண்டும். அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் நிகழ்ந்ததோ வேறு. 2011-இல் 15.8 விழுக்காட்டு மாணவர் சிகரெட் புகைத்தனர். மின்சிகரெட் 27.5 விழுக்காட்டை எட்டிய 2019-இல் சிகரெட் 5.8-ஆகக் குறைந்தது. 2023-இல் 1.9. ஆகவே ஒரு பிள்ளையின் வாழ்வில் வாசலாக இருக்கக்கூடிய ஒன்று, நாட்டின் கணக்கில் வாசலாகத் தெரியவில்லை. இரண்டும் ஒருங்கே உண்மையாக இருக்க இயலும் என்பதே என் துணிபு. கணக்கில் கரைந்துபோகும் அந்த ஒரு பிள்ளை யாருடைய பிள்ளை என்பதுதான் தாய்தந்தையரின் கேள்வி.

வெளியேறும் வாசலுக்கும் சான்று உண்டு. இங்கிலாந்தில் அரசு நிதியுடன் 886 பேரிடம் நடத்திய சோதனை 2019-இல் வெளிவந்தது. மின்சிகரெட் பெற்றவர்களில் 18 விழுக்காட்டினர் ஓராண்டு கழித்தும் சிகரெட்டைத் தொடவில்லை. பசை, ஒட்டுப்பட்டை முதலியன பெற்றவர்களில் 9.9 விழுக்காட்டினர். மருமகன் கேட்டால் மகிழ்வான். ஆனால் அதே ஆய்வின் அடுத்த வரியையும் அவனுக்குப் படித்துக் காட்டவேண்டும். சிகரெட்டை விட்டவர்களுள், மின்சிகரெட் பெற்றோரில் 80 விழுக்காட்டினர் ஓராண்டு கழித்தும் அதைப் பிடித்துக்கொண்டே இருந்தனர். பசையும் பட்டையும் பெற்றோரில் அவற்றைத் தொடர்ந்தவர்கள் 9 விழுக்காட்டினரே.

இந்த ஆய்வுகள் யாவும் மின்சிகரெட் கடையில் வெளிப்படையாக விற்கும் நாடுகளில் செய்யப்பட்டவை. நம் நாட்டு நிலை வேறு. 2016-17-இல் எடுத்த தேசியப் புகையிலைக் கணக்கெடுப்பின்படி பெரியவர்களில் 28.6 விழுக்காட்டினர் ஏதேனும் ஒரு வடிவில் புகையிலையைப் பயன்படுத்தினர். மின்சிகரெட்டைப் பயன்படுத்தியவர்கள் 0.02 விழுக்காட்டினரே. தமிழ்நாட்டரசு 2018-இல் அதைத் தடை செய்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2019 மே மாதம் முழுத் தடையைப் பரிந்துரைக்க, செப்டம்பர் 18 அன்று மைய அரசு அவசரச் சட்டம் கொணர்ந்தது; டிசம்பரில் நாடாளுமன்றம் அதனை நிலைச் சட்டமாக்கிற்று. தயாரிப்பும் விற்பனையும் விளம்பரமும் குற்றம்; முதல் முறைக்கே ஓராண்டுச் சிறையோ ஓரிலக்கம் ரூபாய்த் தண்டமோ இரண்டுமோ உண்டு. அச்சட்டம் அறிவிக்கப்பட்ட நாளில் பங்குச் சந்தையில் சிகரெட் நிறுவனங்களின் பங்குகள் விலை ஏறின. அவற்றுள் பெரியதான ஐ.டி.சி.யின் பெரும் பங்குதாரர்களுள் ஒன்று, அரசின் ஆயுள் காப்பீட்டுக் கழகம். இதைச் சொல்லும்போது தடை தவறென்று நான் சொல்லவில்லை. மெல்லிய வாசலை அடைத்தவர்கள் பெரிய வாசலைத் திறந்தே வைத்து, அதில் பங்கும் வைத்திருக்கும்போது, இளைஞர்கள் ஐயுறுவதில் வியப்பென்ன? திருத்தந்தை பிரான்சிஸ் 2017 நவம்பரில், வத்திக்கானுக்குள் பணியாளர்களுக்குச் சலுகை விலையில் நடந்துவந்த சிகரெட் விற்பனையை மறு ஆண்டு முதல் நிறுத்தினார். ஆண்டுதோறும் பெரும் வருவாய் தந்த விற்பனை அது. மக்களின் உடல்நலத்தைக் கெடுக்கும் ஒன்றுக்குத் திருப்பீடம் துணைபோகலாகாது என்பதே சொல்லப்பட்ட காரணம். விற்பதை நிறுத்தியவர் சொல்லும்போது சொல்லுக்குக் கனம் கூடுகிறது.

நவம்பர் இறுதியில் மீண்டும் மணிமங்கலம் சென்றேன். மருமகனின் கருவி பழுதுபட்டுப் பத்து நாளாகியிருந்தது. சென்னையிலிருந்து கள்ளத்தனமாகக் கொண்டுவந்து கொடுப்பவன் தொலைபேசியை எடுப்பதில்லை. இரவு வேலை முடிந்து வந்தால் கை நடுங்குகிறது, எரிச்சல் வருகிறது என்றான். மாடியிலிருந்து பெட்டிக்கடைக்கு நானே இறங்கி எண்ணினேன்; இருபத்திரண்டு படிகள். அங்கே சிகரெட்டை ஒன்றொன்றாகச் சில்லறைக்கு விற்கிறார்கள். நெருப்பும் அவர்களே தருகிறார்கள். விழுப்புரத்துப் பையன் நடந்த வழி எனக்கு அப்போதுதான் துலக்கமாயிற்று. மாம்பழ ஆவி அவனுக்கு நிக்கோட்டினைப் பழக்கிற்று. ஆவி தீர்ந்த நாளில் மிக அருகில் இருந்தது சிகரெட். அமெரிக்கப் பிள்ளைக்கு அடுத்த கடையிலும் மின்சிகரெட்டே கிடைத்தது. இவனுக்கு இந்தப் படிகளின் கீழே கிடைத்தது அது ஒன்றே. வாசல் கருவிக்குள் மட்டும் இல்லை. அந்தப் படிக்கட்டின் அடியிலும் இருந்தது.

"ஒருநாள் ஒண்ணு பிடிச்சேன் மாமா," என்று மருமகன் தலைகுனிந்து சொன்னான். "அஞ்சு மாசம் வீணாப் போச்சு."

"வீணாகவில்லை, வா," என்று அழைத்துக்கொண்டு மூவருமாகச் சாலையோரத்து மருந்துக்கடைக்கு நடந்தோம். நிக்கோட்டின் பசை 2 மில்லிகிராம் அளவுவரை மருத்துவர் சீட்டின்றியே கிடைக்கும். கடைக்காரர் அலமாரியின் மேல்தட்டில் தேடித் தூசி தட்டிக் கொடுத்தார். அதைக் கேட்டு வருவோர் அதிகமில்லை போலும். மருமகன் பணம் கொடுப்பதற்கு முன் அட்டையைத் திருப்பி, வெளிச்சத்தில் பிடித்து, தயாரித்த நிறுவனம் எது, எந்த ஊர், எந்தத் தொகுதி, எந்தத் தேதி என்று ஒவ்வொன்றாகப் படித்தான். கடைக்காரர் சற்றே சலித்துக்கொண்டார். நான் அவசரப்படுத்தவில்லை. அவன் படித்து முடிக்கட்டும் என்று காத்திருந்தேன். சிறியவன் கடைக்கு வெளியே, பாதி எரிந்த சிகரெட்டோடு, எங்களையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"இன்னும் ஒரு அட்டை குடுங்கண்ணே," என்றான் மருமகன்.